குறைந்த பட்ஜெட்டில் சாதுவான சவாரிக் குதிரை: எங்கே தேடுவது, எப்படிச் சோதிப்பது?

தோட்டத்துவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஊர் பெருந்துறைப் பக்கம். சவாரிக்கு ஒரு குதிரை வாங்க வேண்டும். ஏறப்போவது நானும் (70 கிலோ) 14 வயது மகளும் (44 கிலோ). இருவருக்கும் பயிற்சிப் பள்ளியில் நடை, டிராட் (துள்ளோட்டம்) வரை பழக்கம் உண்டு. கேன்டர் (அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டம்) இப்போதுதான் தொடக்கம். தோட்டம் இரண்டு ஏக்கர், மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. கையில் மொத்தம் 1,25,000 ரூபாய், மாதச் செலவுக்கு 10,000. போட்டி, நாட்டியம், ஊர்வலம் எதுவும் வேண்டாம். தோட்டத்துப் பாதையிலும் வாய்க்கால் மேட்டிலும் பயமில்லாமல் போய் வந்தால் போதும்.

மார்வாரியா, கத்தியவாரியா, நாட்டுக் குதிரையா? ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கலாமா? ரேஸ் குதிரை சும்மாவே கிடைக்கும் என்கிறார்கள், எடுக்கலாமா?

குளம்படி

முதலில் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1,25,000 முழுவதும் குதிரைக்கு என்று நினைத்தால் சேணம், மருத்துவர் பரிசோதனை, வண்டி வாடகை, லாடம், முதல் மாதத் தீவனம் எல்லாம் கடனில் போகும். குதிரைக்கு 75,000 முதல் 80,000 வரை வைத்துக்கொண்டு மீதியைத் தொடாதீர்கள். அதிலும் ஒரு பத்தாயிரம் அவசர வைத்தியத்துக்கென்று தனியாக இருக்கட்டும். வயிற்று வலி வரும்போது ஞாயிற்றுக்கிழமையா என்று பார்த்து வராது.

இனம் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி வயது, இரண்டாவது அது இதுவரை என்ன வேலை பார்த்தது, மூன்றாவது ஆணா பெண்ணா. உங்களுக்கு 8 முதல் 15 வயது வரை. நான்கு வயதுக் குதிரை இன்று அமைதியாக இருந்தாலும், அதற்கு உலகம் இன்னும் தெரியாது. தெரியாத குதிரை மேல் தெரியாதவர் ஏறினால் யார் யாரைத் தேற்றுவது? பத்து வயதுக் குதிரை லாரி ஹாரனையும் தார்ப்பாயையும் தெருநாயையும் பல முறை பார்த்திருக்கும். சாது என்பது பெரும்பாலும் அந்த அனுபவம்தான்.

கழிக்க வேண்டியதை முன்பே கழித்துவிடுங்கள்: காயடிக்காத ஆண் குதிரை, ஐந்து வயதுக்குக் கீழ், "ஆறு மாதமாகச் சும்மா நிற்கிறது", சினைப் பெட்டை, குட்டியோடு இருப்பது. வெளிநாட்டில் தொடக்கக்காரர்களுக்குக் காயடித்த குதிரையைத்தான் சொல்வார்கள். நம் பக்கம் நாட்டுக் குதிரைகளில் அது அரிது, இனப்பெருக்கத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஆண் குதிரைக்குத்தான் மதிப்பு என்பதால் யாரும் காயடிப்பதில்லை. ஆகவே நடைமுறையில் நீங்கள் தேட வேண்டியது வேலை பார்த்துப் பழகிய பெட்டைக் குதிரை. "ஆணை வாங்கிக் காயடித்தால் சாதுவாகிவிடும்" என்று தரகர் சொல்வார். சுரப்பு சில வாரங்களில் குறையும். பத்து வருடம் பழகிய கடியும் கத்தலும் எழும்பி நிற்பதும் அப்படியே இருக்கலாம்.

உயரம் 58 முதல் 61 அங்குலம் போதும். பெரிய குதிரைக்குப் பெரிய சேணம், பெரிய தீவனம், விழுந்தால் பெரிய விழுகை.

ரேக்ளாமேடு

குளம்படி அண்ணா சொன்ன "வேலை" விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். இந்தப் பணத்துக்கு நம்ம ஊரில் நாலு இடத்திலிருந்துதான் குதிரை வருதுங்க.

ஒண்ணு, வண்டிக் குதிரை. பழனி மாதிரி கோயில் ஊர்களில் வண்டியில் ஆள் ஏற்றி இழுக்கிற குதிரை. போக்குவரத்து பயம் சுத்தமா இருக்காது, நிற்கச் சொன்னா நிற்கும், லாடம் அடிக்கக் காலைக் கொடுக்கும். குறை என்னன்னா, முதுகில் ஆள் ஏறிப் பழக்கமிருக்காது, காலால் அழுத்தினா என்ன அர்த்தம்னு தெரியாது. இழுவைக்குப் பழகினதால கழுத்தை முன்னால போட்டு நடக்கும், கேன்டர் சரியா வராது. இதைச் சொல்லிக் கொடுக்க மூணு மாசம் போதும், ஏன்னா கஷ்டமான பாதி அதுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனா பந்தய ரேக்ளாக் குதிரையை இதோட சேர்க்காதீங்க. பக்கத்தில் இன்னொரு வண்டிச் சத்தம் கேட்டதும் இழுத்துக்கிட்டு ஓடும், அதுதான் அதுக்குச் சொல்லிக் கொடுத்தது.

ரெண்டு, ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரை மாதிரி சுற்றுலா இடத்துக் குதிரை. குழந்தை, கூட்டம், செல்ஃபி எல்லாம் பார்த்தது. முன்னால போற குதிரை வாலைப் பார்த்தே நடக்கும். தனியா ஓட்டிக்கிட்டுப் போனா பாதியில் திரும்பும், நகராது. வாய் மரத்துப் போயிருக்கும், முதுகில் சேணப் புண் தழும்பு இருக்கும். மலைக் குளிர்ல இருந்தது, பெருந்துறை வெயிலுக்குப் பழக ஒரு மாசமாவது விடணும்.

மூணு, நாட்டியக் குதிரை. உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மேளம் கேட்டா ஆடணும், கடிவாளத்தை இழுத்தா முன்னங்கால் தூக்கணும்னு பழக்கியிருப்பாங்க. நீங்க பயந்து வாரை இழுக்கிற அந்த நொடியில் அது எழும்பி நிற்கும். அது கெட்ட குதிரை இல்லை, நீங்க சொன்னதா நினைச்சதைச் செய்யுது.

நாலு ரேஸ் குதிரை. அதை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

பழையமைதானம்

ரேஸ் குதிரை பற்றி. பந்தயத்திலிருந்து விலக்கிய தாரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) மிகக் குறைந்த விலைக்கும், சில நேரம் விலையில்லாமலும் கிடைப்பது உண்மை. பெங்களூர், மைசூர்ப் பக்கமிருந்து இங்கே வருவதுண்டு. நல்ல கையில் அற்புதமான குதிரைகள். காயடித்தவையும் இவற்றில் நிறையக் கிடைக்கும். இருந்தும் இந்த இழையைத் தொடங்கியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணங்கள்:

பந்தயக் குதிரை நாளின் பெரும் பகுதியை லாயத்தில் கழித்து, காலையில் சிறிது நேரம் வேகமாக ஓடும். வாரைப் பிடித்து இழுத்தால் அதன் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடவே பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை மாற்ற ஓர் அனுபவசாலி ஆறு மாதம் உழைக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குள் வெளியே வரும், அதாவது குளம்படி சொன்ன வயதுக் கணக்கிலேயே அடிபடும்.

எதற்காக விலக்கினார்கள் என்பது முக்கியம். மெதுவாக ஓடியதற்காக விலக்கியது என்றால் உங்கள் அதிர்ஷ்டம். முன்னங்கால் பின்பக்க நரம்பு, அதாவது முட்டிக்கும் கணுவுக்கும் நடுவில் இருக்கும் தசைநார், கிழிந்து ஆறியது என்றால் அந்த இடம் வில் போல் புடைத்திருக்கும். மெதுநடைச் சவாரிக்கு அது தாங்கலாம், கேன்டரில் மறுபடி கிழியலாம். பல குதிரைகளுக்கு வயிற்றுப் புண், மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் இருக்கும். தீவனத் தொட்டி விளிம்பு கடித்துத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், முன்பற்களின் ஓரமும் தேய்ந்திருக்கும்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தாரோபிரெட்டுக்கு வியர்வை நின்றுபோகும் நோய் வரும். வேலை முடிந்தும் உடம்பு காய்ந்தே இருக்கும், மூச்சு மட்டும் வாங்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

450, 500 கிலோ உடம்பு. உங்கள் 10,000 ரூபாயில் அதன் வயிறு நிறையாது.

தோட்டத்துவாசல்

நன்றி. ஒரு தரகர் வீடியோ அனுப்பியிருக்கிறார். கறுப்பு மார்வாரி, ஆண், "நாலு பல்", 62 அங்குலம், 95,000. வீடியோவில் சின்னப் பையன் ஏறி உட்கார்ந்திருக்கிறான், குதிரை அசையவே இல்லை. தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. விலா கொஞ்சம் தெரிகிறது. இதைப் போய்ப் பார்க்கலாமா?

குளம்படி

வேண்டாம். மூன்று காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நாலு பல் என்றால் கீழ்த்தாடையில் நடு ஜோடியும் அதற்கடுத்த ஜோடியும் நிலைப் பல்லாகிவிட்டன, ஓர ஜோடி இன்னும் பால் பல். நடு ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்தது மூன்றரை, ஓரம் நாலரை. ஆக இது மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில். ஐந்தில்தான் வாய் நிறையும். அதற்குப் பின் கீழ்ப் பல் மேல்பரப்பில் உள்ள கறுப்புக் குழி நடுவில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் ஏறத்தாழத் தேய்ந்து மறையும். பத்து வயது வாக்கில் மேல் ஓரப் பல்லில் ஈறோரமாக ஒரு பள்ளக்கோடு தொடங்கும், பதினைந்தில் பல்லின் பாதிவரை வரும், இருபதில் முழு நீளம். முன்னே பின்னே ஓரிரு வருடம் ஆகலாம். விற்பவர் சொல்லும் "எட்டு வயது" பதினாறாக இருப்பதும் மூன்றாக இருப்பதும் இங்கேதான் பிடிபடும்.

விலா தெரிவது இரண்டாவது. பட்டினிக் குதிரை எல்லாம் சாதுதான். இரண்டு மாதம் நன்றாகத் தின்று உடம்பு தேறியதும் உங்கள் கொட்டகையில் வேறொரு குதிரை நிற்கும். பலர் ஏமாந்து நிற்பது இந்த இடத்தில்தான், விற்றவர் பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

மூன்றாவது, தலை தொங்குவது. அதை மருத்துவர் யாராவது சொன்னால் நல்லது.

லாயமருத்துவம்

கால்நடை மருத்துவப் பணியில் இருப்பவர் என்ற முறையில் எழுதுகிறேன்.

மயக்க மருந்து கொடுத்த குதிரையின் அறிகுறிகள்: தலை தோளுக்குக் கீழே தொங்கும், கீழ் உதடு தளர்ந்திருக்கும், இமை பாதி மூடியிருக்கும், நடக்கும்போது பின்கால் லேசாகத் தள்ளாடும், ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்கியபடி நிற்கும். மருந்தின் வகையைப் பொறுத்து அரை மணி முதல் பல மணி நேரம் நீடிக்கும். மருந்தில்லாமலும் இதே தோற்றத்தை வரவழைக்கலாம்: விடியற்காலை கடுமையாக ஓட்டிக் களைக்க வைப்பது, முந்தின நாளிலிருந்து தண்ணீர் கொடுக்காமல் வைப்பது. ஆகவே சொல்லாமல் ஒரு முறை, சொல்லிவிட்டு ஒரு முறை, வெவ்வேறு நேரத்தில் பாருங்கள். போனதும் முதுகிலும் வயிற்று வார் படும் இடத்திலும் கையை வையுங்கள். வெதுவெதுப்போ காய்ந்த வியர்வை உப்போ இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 செல்சியஸ். நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து எண்ணலாம்.

வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை:

நொண்டல். கெட்டித் தரையில், தளர்ந்த கயிற்றில், நேர்கோட்டில் டிராட் ஓடவிட வேண்டும். முன்னங்கால் வலித்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டுபவர் அந்தத் தலையாட்டத்தை மறைக்கிறார்.

இடுப்புப் பலவீனம். நம் நாட்டில் கும்ரி என்று சொல்வோம். மாடுகளின் வயிற்றறையில் வாழும் ஒரு புழுவின் இளம் புழுக்களைக் கொசு குதிரைக்குக் கடத்த, அவை தண்டுவடத்தைத் தாக்குவதால் வருவது. நேராக நடக்கும்போது தெரியாமல் போகலாம். குறுகிய வட்டத்தில் திருப்புங்கள், பின்னால் நடக்க வையுங்கள், நடக்கும்போதே வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். பின்கால் பின்னிக்கொண்டாலோ வெளியே வீசி வைத்தாலோ அந்தக் குதிரை மேல் யாரும் ஏறக் கூடாது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும். உங்கள் கொட்டகையில் மாடுகளும் இருப்பதால் பின்னாளிலும் கொசுத் தடுப்பு உங்களுக்கு முக்கியம்.

கண். ஒரு பக்கம் பார்வையில்லாத குதிரை அந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் மிரளும். பஞ்சு உருண்டையைக் கண்ணுக்கு முன்னால் விட்டுப் பாருங்கள். கையை வீசினால் காற்றுப் பட்டே இமைக்கும், அது சோதனை ஆகாது.

இரத்தம். கிளாண்டர்ஸ் சோதனை கட்டாயம். இது மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கொல்வதுதான் சட்டம். மூக்கில் சளி, கால்களின் உட்புறம் கயிற்றில் கோத்தது போன்ற கட்டிகள் இருந்தால் கையே வைக்காதீர்கள். மாதிரி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும், கால்நடைத் துறை வழியாக அனுப்பலாம். அதோடு சர்ரா ஒட்டுண்ணிக்கும் பார்த்துவிடுங்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், இரத்தச் சோகை, மெலிவு இதன் அறிகுறிகள், நம் பகுதியில் இருக்கிறது.

உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரையை அங்கே கொண்டுபோக விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சந்தைப்பேட்டை

அந்தியூர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் கட்டாயம் போங்கள், வாங்குவதற்காக வேண்டாம். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நொக்ரா, மட்டக்குதிரை எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். உயரத்தையும் பல்லையும் பார்த்துப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கூட்டம், மேளம், நாலு பக்கமும் வேறு குதிரைகள், பயணக் களைப்பு. இந்தச் சூழலில் ஒரு குதிரையின் இயல்பு தெரியாது. அமைதியாக நிற்பது களைப்பாக இருக்கலாம், துள்ளுவது பக்கத்தில் நிற்கும் பெட்டையாலாக இருக்கலாம். பல ஊர்க் குதிரை ஒன்றாக நிற்பதால் சளிக்காய்ச்சலும் தொற்றும். அங்கே நாலைந்து உள்ளூர்க்காரர்களைப் பழக்கம் பிடித்துக்கொண்டு, திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டு லாயத்துக்கே போய்ப் பாருங்கள். விற்காமல் திரும்பிய குதிரையின் விலையும் அப்போது இறங்கியிருக்கும்.

விலை இறங்க இன்னொரு வழி சுழி. நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மயிர்ச் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் நம் ஆட்கள் விலை பேசுவார்கள். சுழிக் குற்றம் என்று ஒதுக்கிய குதிரை, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தும், கணிசமாகக் குறைந்த விலைக்கு வரும். சுழிக்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. மறுபடி விற்கும்போது உங்களுக்கும் அதே குறைந்த விலைதான் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சுழி பார்ப்பவர்கள் என்றால் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். வந்த பிறகு வீட்டில் ஏதாவது நடந்தால் பழி குதிரை மேல் விழும், அந்தக் குதிரையைப் பராமரிக்க யாருக்கும் மனம் வராது.

தோட்டத்துவாசல்

மார்வாரியை விட்டுவிட்டோம். இப்போது ஒரு பெட்டை. வண்டிக் குதிரை, கடந்த இரண்டு வருடமாகச் சவாரிக்கும் பழக்கியிருக்கிறார்கள். மேல் ஓரப் பல்லில் பள்ளக்கோடு கால்வாசி இருக்கிறது. சுழிக் குற்றம் என்று 62,000 சொல்கிறார். உயரம் 60 அங்குலம். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 164 செ.மீ., தோள் முனையிலிருந்து புட்டம் வரை நீளம் 152 செ.மீ. எங்கள் எடைக்குத் தாங்குமா? போய் என்ன வரிசையில் சோதிப்பது?

குளம்படி

அளந்து வந்ததற்கே பாராட்டு. கணக்கு இது: சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. உங்களுடையது 344 கிலோ. ஏறுபவர் எடை, சேணத்தோடு சேர்த்து, குதிரையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உச்ச வரம்பு, இங்கே 69 கிலோ. மகளுக்கு 44 + சேணம் 8 = 52, தாராளம். உங்களுக்கு 78, அதிகம். ஐந்து கிலோ சிந்தெடிக் சேணம் போட்டாலும் 75. இந்தக் குதிரை மகளுக்கு. நீங்கள் ஏறுவதானால் சமதரையில், நடையில், அரை மணிக்குள். முடியாது என்றால் 390 கிலோவுக்கு மேல் உள்ள வேறு குதிரை தேடுங்கள். இதில் சமரசம் செய்தால் முதலில் முதுகு வலி வரும், அதன் பின்னால் உதை வரும். சாதுக் குதிரை கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் முதுகு வலி.

பல் கணக்கில் 12, 13 வயது. நல்ல வயது.

சோதனை வரிசை. குதிரை கட்டுத்தறியில் இருக்கும்போதே போய் நில்லுங்கள். உங்களைப் பார்த்துக் காதைப் பின்னால் மடக்குகிறதா, பின்பக்கத்தைத் திருப்புகிறதா? விற்பவரையே பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கயிற்றைப் பிடித்து இருபது அடி நடத்துங்கள், நில்லுங்கள். நீங்கள் நின்றதும் அதுவும் நிற்க வேண்டும், இழுத்துக்கொண்டு போகக் கூடாது. பிடரி மேட்டிலிருந்து (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) இடுப்பு வரை முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் அழுத்துங்கள். நெளிந்தாலோ முதுகைத் தாழ்த்தினாலோ வலி இருக்கிறது. வெள்ளை மயிர்த் திட்டு பழைய சேணப் புண். நாலு காலையும் தூக்கி ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பிடித்திருங்கள், குளம்பின் அடியை முகர்ந்து பாருங்கள், அழுகல் நாற்றம் வந்தால் தெரிந்துவிடும்.

கடிவாளம் போடும்போது கவனியுங்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழியே இருக்கிறது. கொஞ்சம் முரண்டு சரி. தலையை வானத்துக்குத் தூக்கினால் வாய்க்குள் பாருங்கள்: கடைவாயோரம் வெட்டுத் தழும்பு, நாக்கில் பள்ளம் இருந்தால் முள் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டு இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படியே தடை செய்யப்பட்டது. அதில் மட்டும் நிற்கும் குதிரை, உங்கள் சாதாரண ஸ்னாஃபிளில் (முள்ளில்லாத எளிய கடிவாளம்) நிற்குமா என்பதை அங்கேயே மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் விற்பவர் ஏறட்டும். அவர் ஏற மறுத்தால் நீங்களும் ஏற வேண்டாம், கிளம்பிவிடுங்கள். நடை, டிராட், இரு பக்க வட்டம், நிறுத்தம், நாலு அடி பின்னால். அதன் பிறகு உங்களில் குதிரை நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர். மகள் கடைசி.

முக்கியமான சோதனை இனிதான். லாயத்தைவிட்டு, மற்ற குதிரைகளைவிட்டு, தனியாக அரை கிலோமீட்டர் போங்கள். போகும்போது தயங்குகிறதா, திரும்பும்போது வீட்டைப் பார்த்து வேகமெடுக்கிறதா? வழியில் ஒருவர் குடையை விரிக்கட்டும், ஒருவர் புல்லட்டில் கடக்கட்டும், உரச்சாக்கு ஒன்று தரையில் கிடக்கட்டும். மிரளாத குதிரை உலகத்தில் கிடையாது. மிரண்டதும் என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறோம். நின்ற இடத்தில் விதிர்த்து, பார்த்து, மூச்சு விட்டுவிட்டு நடந்தால் வாங்கலாம். திரும்பி ஓடினால் வேண்டாம்.

ரேக்ளாமேடு

வண்டிக் குதிரைன்னா ஒண்ணு சேர்த்துக்கோங்க. கண் மறைப்பு போட்டே பழகியிருக்கும். அது இல்லாம பின்னால வர்ற டிராக்டரை முதல் தடவை பார்த்தா திடுக்குன்னு ஆகும். மறைப்பு இல்லாம சோதிங்க. ரெண்டு வருஷம் சவாரின்னு சொல்றாங்களே, ஏறும்போது அசையாம நிற்குதான்னு பாருங்க. உண்மையிலேயே சவாரிக்குப் பழகினதுக்கு அதுதான் முதல் அடையாளம்.

தோட்டத்துவாசல்

போய்ப் பார்த்தோம், இரண்டு முறை. கும்ரி சோதனை, கண், நொண்டல் எல்லாம் மருத்துவர் பார்த்துச் சரி என்றார், இரத்த முடிவுக்குக் காத்திருக்கிறோம். குடைக்கு விதிர்த்து நின்றது, ஓடவில்லை. தனியாகப் போகும்போது இரண்டு இடத்தில் நின்று யோசித்தது, குதிகாலால் தட்டியதும் நடந்தது. தற்போதைய தீவனம் வைக்கோல், கோதுமைத் தவிடு, கொள்ளு இரண்டு கிலோ. எங்களிடம் மாட்டுக்குப் போடும் கோ-4 (கம்பு நேப்பியர்) புல் நிறைய இருக்கிறது. அதையே போடலாமா?

மசால்காடு

தீவனம்தான் நான் இந்த இழைக்குள் வரக் காரணம், ஏனென்றால் நல்ல குதிரையை வாங்கித் தீவனத்தில் கெடுப்பதுதான் நம் பக்கம் அதிகம்.

கோ-4 மட்டும் போடாதீர்கள். அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம், சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும். மாட்டுக்குத் தாங்கும், அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், அதுவும் கால்சியத்தை விரட்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால் என்று நொண்டும், முகத்தெலும்பு இரு பக்கமும் வீங்கும். நம் கொரங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் உண்டு, அதனால் அதையும் தனியாக நம்ப வேண்டாம்.

344 கிலோ பெட்டைக்கு ஒரு நாளைக்கு: பூஞ்சணமில்லாத காய்ந்த சோளத்தட்டு அல்லது காய்ந்த புல் 6 கிலோ, பச்சைக் குதிரைமசால் 6 கிலோ, கல்லுப்பு 40 கிராம். குதிரைமசால் பெயரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியமும் அதில் இருக்கிறது. கிடைக்காத நாட்களில் வேலிமசால் கொடுத்து, 30 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் (தீவனத் தரம்) சேர்க்கலாம். கோ-4 போட்டால் மொத்தப் பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்குள். பச்சைச் சோளம், குறிப்பாக முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள இளசும் வாடியதும், நஞ்சு. வைக்கோல் மட்டும் தின்ற குதிரைக்குக் குடலில் கட்டிக்கொள்ளும், சத்தும் இல்லை.

கொள்ளு இரண்டு கிலோ ஏன்? வண்டி இழுத்ததால். உங்களிடம் வாரம் நாலு நாள் ஒரு மணி நேர நடைதான். அதே இரண்டு கிலோவைத் தொடர்ந்தால் ஒரே மாதத்தில் "வாங்கும்போது சாதுவாக இருந்தது, இப்போது துள்ளுகிறது" என்று இதே இழையில் எழுதுவீர்கள். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக் கிலோவுக்கு இறக்குங்கள், ஊறவைத்து வேகவைத்து இரண்டு வேளையாக. எந்தத் தீவன மாற்றமும் ஒரே நாளில் கூடாது, வயிற்று வலியில் போய் நிற்கும். தண்ணீர் 25 முதல் 40 லிட்டர், சித்திரையில் இன்னும் அதிகம்.

கடைசியாக, பெரிய எழுத்தில் படியுங்கள்: கோழித் தீவனம் ஒரு கைப்பிடிகூடக் கொடுக்காதீர்கள், கோழித் தீவனம் அரைத்த ஆலையில் கழுவாமல் அரைத்ததையும் வாங்காதீர்கள். கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக் கழிச்சல் நோய்க்குச் (காக்சிடியோசிஸ்) சேர்க்கும் மோனென்சின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. நாமக்கல், ஈரோடு, பல்லடம் பக்கம் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது.

வேலியில் அரளி இருந்தால் குதிரை வருவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள்.

லாயமருத்துவம்

இரத்த முடிவு சரியாக வந்தால்: டெட்டனஸ் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லையென்றால் முதல் ஊசி உடனே, நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது, பிறகு வருடந்தோறும். குளம்படிச் சிறு ஆணிக்காயமே குதிரையைக் கொல்லப் போதும். வெறிநாய்த் தடுப்பூசியும் போடுங்கள். குடற்புழு மருந்து மாட்டுக்குக் கொடுக்கும் கணக்கில் வேண்டாம், சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்து எடைக்கேற்பக் கொடுப்போம். லாடம் ஐந்து அல்லது ஆறு வாரத்துக்கு ஒரு முறை.

சந்தைப்பேட்டை

பேரம் முடித்ததும் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பத்து நாள் உங்கள் இடத்தில் வைத்துப் பார்க்க, நொண்டல், உதை, ஏறவிடாமை இருந்தால் திருப்பித் தர என்று வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நிறம், உயரம், தழும்பு, சுழி இருக்கும் இடம், பல் வயது எல்லாம் அதில் இருக்கட்டும், நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொள்பவர்கூட எழுத்தில் தயங்கினால் கேள்வி கேளுங்கள். 62,000 என்பது முதல் விலை. சுழியைச் சொல்லி அவரே இறக்கியிருக்கிறார், இருந்தாலும் பழைய சேணமும் தலைக்கயிறும் சேர்த்து 58,000க்குக் கேட்டுப் பாருங்கள்.

குளம்படி

அவருடைய சேணத்தை விலைக்காக வாங்குங்கள், போடுவதற்காக வேண்டாம். கான்பூர்ச் சேணம் பழையதாக நல்லது கிடைக்கும். மகள் ஏறி உட்கார்ந்த பிறகும் பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், முதுகெலும்பின் மேல் எங்கேயும் படக் கூடாது. நாட்டுக் குதிரை முதுகு குறுகல், தாரோபிரெட்டுக்குத் தைத்தது பொருந்தாமல் போகலாம். மகளுக்குக் குதிரைச் சவாரிக்கான ஹெல்மெட்டும், குதிகால் வைத்த காலணியும் கட்டாயம். குதிகால் இல்லாத ஷூ அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) நழுவி மாட்டிக்கொண்டால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

முதல் வாரம் சவாரி வேண்டாம். கயிற்றில் நடத்துங்கள், தோட்டம் முழுவதும் காட்டுங்கள், மோட்டார் போடும் சத்தம் கேட்கட்டும். குதிரை தனிமையில் கலங்கும் பிராணி, மாடுகள் கண்ணில் படும்படி கட்டுங்கள், ஆனால் தீவனத் தொட்டி தனியாக. எட்டாம் நாள் விற்பவரை ஒரு மணி நேரம் வரவழைத்து, அவர் முன்னால் மகளை ஏற்றுங்கள். அந்தச் செலவுக்கு 500 ரூபாய் கொடுத்தாலும் தகும்.

தோட்டத்துவாசல்

இரத்த முடிவு வந்துவிட்டது, கிளாண்டர்ஸ், சர்ரா இரண்டும் இல்லை. 59,000க்குப் பேசி எழுதிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை ஏற்றுகிறோம். 80 கிலோமீட்டர், டாடா ஏஸ் போதுமா?

ரேக்ளாமேடு

ஏஸ் வேண்டாங்க, பக்கப் பலகை தாழ்வு, குதிரை நின்றா மேல்பாரமாகும். பக்கம் உயர்ந்த பிக்கப் எடுங்க. மாடு ஏத்துற வண்டிக்காரர்னா இரும்புத் தரையில் சும்மா ஏத்திடுவார், நீங்க ரப்பர் பாய் போட்டு மேல ரெண்டு அங்குலம் மணலோ வைக்கோலோ போடச் சொல்லுங்க. ஏற மேடு இருக்கிற இடமா பார்த்து வண்டியைப் பின்னால விடுங்க, மண் திட்டு போதும். தலை முன்பக்கம், கயிறு இழுத்தா அவிழ்ற முடிச்சு, நீளம் ரெண்டு அடிக்கு மேல வேண்டாம். பழகின ஆள் ஒருத்தர் கூட நிற்கணும். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினா வெயிலுக்கு முன்னால வந்துடலாம், நடுவில் ஒரு தடவை நிறுத்தித் தண்ணி காட்டுங்க. பயணத்துக்குத் தகுதின்னு கால்நடை மருத்துவர் சான்று கையில இருக்கட்டும், விற்பனைச் சீட்டு நகலோட. டிரைவர்கிட்ட பிரேக்கைப் பதமா பிடிக்கணும்னு கிளம்பும்போதே சொல்லிடுங்க, திருப்பத்தில் முப்பதுக்கு மேல போகக் கூடாது.